வண்டியைத் திரும்ப அழைத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்



இன்று கடைக்குக் கடை பேட்டரி வண்டி நிற்கிறது. பெட்ரோல் செலவு மிச்சமாகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரவில் எண்ணெய் டின்னுக்கும் சாக்கு மூட்டைக்கும் நடுவே அதைச் சார்ஜில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிப் போகிறோமே, அதுதான் கவலை.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் ஒகினாவா 3,215, ப்யூர் இவி 2,000, ஓலா 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தன.

இதைக் கம்பெனிக்கு அவமானம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அனுப்பிய பருப்பில் வண்டு இருப்பது தெரிந்தால், சில்லறைக் கடைக்காரர் கேட்குமுன் ஆள் அனுப்பி மூட்டையைத் திரும்ப எடுப்பவனே நாணயமான மொத்த வியாபாரி. அந்த நஷ்டமும் சரக்கு கொடுத்தவர் வரை போக வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் போல்ட் கார்கள் அனைத்தையும், சுமார் 1,40,000 வண்டிகளை, பேட்டரிக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அந்தச் செலவில் சுமார் 190 கோடி டாலரை, பேட்டரி கொடுத்த எல்ஜி ஏற்றுக்கொண்டது. அதில் இன்னொரு பாடமும் உண்டு. முதல் தடவை சரிசெய்து கொடுத்த வண்டிகளிலேயே சில மறுபடி எரிந்தன. ஆகவே, ஒருமுறை காட்டிவிட்டோம் என்று சும்மா இருக்கக் கூடாது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அரசு ஒரு வண்டியைத் திரும்பப் பெற உத்தரவிட்டால், தயாரிப்பாளர் முழு விலையைத் தர வேண்டும். அல்லது வேறு வண்டி தர வேண்டும். அல்லது பழுது நீக்கித் தர வேண்டும்.

ஆனால் அழைப்பு நம்மை வந்து சேர வேண்டுமே! செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறோம். வேலையை விட்டுப் போன பையனின் போன் நம்பர் பதிவில் இருக்கிறது. கடிதம் எங்கே வரும்? ஆர்.சி.யில் பெயரையும் நம்பரையும் முதலில் சரிசெய்யுங்கள். அழைப்பு வந்தால், "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு நாள் டெலிவரிக்கு வாடகை வண்டி பிடித்தால் போயிற்று. என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், பழைய பேட்டரி நம்பர் என்ன, புதியது என்ன என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாம் கடன்கூடக் கொடுப்பதில்லையே. மலிவு என்று தெருவோர ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியைப் பிரிக்கவும் விடாதீர்கள்.

உறுப்பினர் கடைகளில் உள்ள பேட்டரி வண்டிகளின் மாடல், சேஸிஸ் நம்பரை நம் சங்கம் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்து, அழைப்பு அறிவிப்பு வரும்போது ஒப்பிட்டுச் சொல்லலாம். செயற்குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சார்ஜ் போடும் இடம் குடோனுக்கு வெளியே, காற்றோட்டமாக, ஆள் விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும். சரக்கு போனால் சம்பாதிக்கலாம். குடோனில் படுத்துறங்கும் பையனின் உயிர் போனால் எந்த இன்சூரன்ஸும் திருப்பித் தராது.