தமிழ் விளையாட்டுச் செயலி: பிள்ளைகளையும் மேசைக்கு அழைப்போமா?

16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க 2026 முதல் அனுமதி இல்லை என்ற திட்டத்தை தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி பாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். அதிலிருந்து பிள்ளைகளின் கைப்பேசி வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது. எதைத் தடுப்பது, எத்தனை மணி நேரம் கொடுப்பது என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. தடுத்த இடத்தில் எதை வைப்பது, அதை யார் செய்வது என்று கேட்பவர்கள் குறைவு.

தமிழ் கற்பிக்கும் விளையாட்டுச் செயலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பல, பயிற்சிப் புத்தகத்துக்குப் பாட்டும் படமும் சேர்த்தது போலத்தான் இருக்கின்றன. சரியான சொல்லைத் தொட்டால் நட்சத்திரம் விழும், தவறினால் மணி அடிக்கும். பிள்ளை இரண்டு நாள் பார்க்கிறது, மூன்றாம் நாள் ரோப்லோக்சுக்குத் திரும்புகிறது. உடனே "பிள்ளைக்குத் தமிழில் ஆர்வமில்லை" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் பிடித்ததைப் பெரியவர்களே செய்து கொடுத்துவிட்டுப் பிள்ளைமேல் பழி போடுவது என்ன நியாயம்?

இதற்கு மாற்று வழி ஒன்று அமெரிக்காவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அலிசன் ட்ரூயின் என்ற ஆய்வாளர், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளைப் பள்ளி முடிந்தபின் வரவழைத்து, பொறியாளர்களோடு சமமாக உட்கார வைத்தார். தொழில்நுட்ப உருவாக்கத்தில் பிள்ளைகளுக்கு நான்கு நிலைகள் உண்டு என்று 2002-இல் அவர் எழுதினார்: பயன்படுத்துபவர், சோதித்துப் பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், வடிவமைப்பில் பங்காளி. நம் ஊரில் முதல் நிலையைத் தாண்டுவதே அபூர்வம்.

அவர்கள் செய்யும் முறைக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பையில் பசை, நூல், களிமண், வண்ணத்தாள் போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து விளையாட்டின் மாதிரியைக் கையாலேயே செய்வார்கள். இருக்கும் செயலி ஒன்றைக் கொடுத்தால், பிடித்தது, பிடிக்காதது, புதிய யோசனை என்று ஒட்டுத்தாளில் தனித்தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறதோ அதை முதலில் திருத்துவார்கள்.

பலன் என்ன? 2002-இல் தொடங்கப்பட்ட அனைத்துலகச் சிறுவர் மின்னூலகத்தை இப்படித்தான் வடிவமைத்தார்கள். பெரியவர்கள் ஆசிரியர் பெயர், தலைப்பு என்று தேடுவார்கள். பிள்ளைகளோ அட்டையின் நிறத்தை வைத்துப் புத்தகம் தேடக் கேட்டார்கள். அந்த வசதி அதில் சேர்ந்தது. எந்த நூலகருக்கும் எளிதில் தோன்றியிருக்காத யோசனை அது.

மேரிலாந்தில் பிள்ளைகள் கையை உயர்த்தி அனுமதி கேட்பதில்லை, பெரியவர்களைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். நம் பிள்ளை டீச்சரைப் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை, அழைக்கவும் வேண்டாம். ஆனால் "டீச்சர், இது போரடிக்குது" என்று பயமின்றிச் சொல்ல இடம் வேண்டும். வாயைத் திறந்தால் திட்டு விழும் என்று நினைக்கும் பிள்ளை நல்ல யோசனையையும் விழுங்கிவிடும். ஒருவர் யோசனைமேல் இன்னொருவர் கட்டும் பழக்கம் வர ஆறு மாதம்கூட ஆகலாம் என்கிறார் ட்ரூயின். ஒருநாள் பட்டறை, படம் எடுத்து முகநூலில் போட மட்டுமே உதவும்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, 150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள். மாணவர் குறைவு என்பதை எப்போதும் குறையாகவே பேசுகிறோம். இந்த வேலைக்கு அதுவே வசதி. பத்துப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், நிரலாக்கம் தெரிந்த ஒரு முன்னாள் மாணவர் இருந்தால் ஒரு குழு தயார். 4 முதல் 6ஆம் ஆண்டு வரை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் இருக்கிறது. பாட்டியிடம் பல்லாங்குழி கற்ற தோட்டத்துப் பிள்ளையும், மலாய்த் தோழியோடு சொங்காக் ஆடிய பட்டணத்துப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எப்படிப்பட்ட விளையாட்டு வரும் என்று அலுவலகத்தில் இருந்து ஊகிக்க முடியாது.

இதில் ஆபத்தும் உண்டு. பிள்ளைகளை மேடை அலங்காரமாக மட்டும் நிறுத்துவதை ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட நூலிலேயே கண்டித்தார். செயலி விற்பனைக்கு வரும்போது யோசனை கொடுத்த பிள்ளையின் பங்கு என்ன, அதன் படமும் குரலும் யாரிடம் இருக்கும், பெற்றோர் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் வைக்க வேண்டும். நன்கொடை கொடுக்க வரும் நிறுவனத்திடம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கணினி எத்தனை என்று கேட்கிறது. இந்தக் கேள்விகளையும் அதே கூட்டத்தில் கேட்கலாம்.