விளக்கேற்றவும் நாணயச் சான்றிதழா?

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று கையிலுள்ள காசு. மற்றையது மனத்திலுள்ள நேர்மை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஊரறியும். காசில்லாத நேர்மையாளரும் காசு மிகுந்த வஞ்சகரும் எல்லா ஊர்களிலும் வாழ்கின்றனர். ஆயினும், ஒருவருடைய பழைய கடன்களைக் கூட்டிக் கழித்து அவருடைய நேர்மைக்குப் புள்ளியிடும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றி வருகின்றது. வங்கியில் இலட்சக்கணக்கிற் கடன் கேட்பவரை அவ்வாறு சோதித்தல் ஒருவகையில் நியாயமெனலாம். ஆனால், குடியேறிய வீட்டுக்கு ஒரு விளக்கும் ஒரு குழாயும் கேட்பவரையும் அதே தராசில் நிறுத்தல் நியாயமாகுமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வழக்கத்தின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. 1899 ஆம் ஆண்டு அத்திலாந்தா நகரில் தோன்றிய கடன் விசாரணை நிறுவனமொன்றே பிற்காலத்தில் ஈக்குவிபெக்ஸ் என்னும் பெயருடன் உலக நிறுவனமாக வளர்ந்தது. இத்தகைய நிறுவனங்கள் குடிமக்களைப் பற்றித் திரட்டிய கோவைகளைக் கட்டுப்படுத்த 1970 இல் அந்நாட்டில் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. 1989 இல் மனிதரின் கடன் வரலாறு மூன்றிலக்க எண்ணொன்றாகச் சுருக்கப்பட்டது. இன்று அங்கே புதுவீடு புகுவோர் மின்னிணைப்புக் கோரினால், வழங்குநர் முதலிற் பார்ப்பது பெரும்பாலும் அவ்வெண்ணையோ அதையொத்த பதிவையோ ஆகும். புள்ளி குறைந்தவரிடம் பிணைவைப்புக் கேட்கப்படுகின்றது. வசதியுள்ளவருக்கு முன்பணமின்றி ஒளி; வசதியற்றவருக்கு முன்பணத்தோடு ஒளி. இல்லாதவனிடமே கூடுதலாகக் கேட்கும் இம்முறைக்கு விஞ்ஞானம் என்று பெயர்!

பிரித்தானியாவில் நடந்தது இதனினும் கொடிது. அங்கே நிலுவை வைத்தோரின் வீடுகளில் முன்கட்டண மின்மானி பொருத்தப்படும். காசு தீர்ந்தால் விளக்கும் தீர்ந்துவிடும். 2023 பெப்ரவரியில், நீதிமன்ற ஆணையைக் கையிற் கொண்டு, நோயாளரும் குழந்தைகளும் வாழும் வீடுகளுக்குள்ளும் முகவர்கள் வலிந்து புகுந்து இம்மானிகளைப் பொருத்தியமை நாளேடொன்றினால் அம்பலமாயிற்று. நாடே வெகுண்டெழுந்ததன் பின்னரே ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை தலையிட்டு அதனை நிறுத்துவித்தது. இலங்கையிலிருந்து அந்நாடுகளுக்குச் சென்ற தமிழ்பேசும் மக்களும் இம்முறையின் சுவையை அறிவர். புதிதாகச் சென்றவருக்குக் கடன் வரலாறு என்று ஒன்று இருப்பதில்லை. வாழ்நாளிற் கடனே படாதவரும், பட்ட கடனைக் கொடாதவரும் அங்கே ஏறத்தாழ ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

கடல் கடந்த கதை இலங்கைக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகம் இந்நாட்டிலும் உள்ளது. ‘கிரிப்’ என்னும் அதன் சுருக்கப் பெயரைக் கேட்டாலே கடன் கேட்டு வங்கிக்குச் செல்வோரின் முகம் வாடுகின்றது. மின்னிணைப்புக் கேட்போரிடம் இதுவரை கேட்கப்பட்டு வந்தவை அடையாள அட்டை, வீட்டில் உரிமையோ குடியிருப்போ உண்டென்பதற்கான சான்று, மின்னமைப்புப் பரிசோதனை அறிக்கை, இணைப்புக் கட்டணம், பிணைவைப்பு என்பனவே; கடன் அறிக்கை அன்று. ஆனால், 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பிறந்த மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. சேவை வணிகமாகும்போது வணிகத்தின் கருவிகளும் கூடவே வரும். மின்பட்டியல், நீர்ப்பட்டியல் ஆகியவற்றைக் கடன் பதிவுகளோடு இணைக்கவேண்டுமென்ற ஆலோசனையை உலக வங்கி போன்ற நிறுவனங்கள் வளர்முக நாடுகளுக்கு நெடுநாளாகவே வழங்கி வருகின்றன. வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டிய காலம் இதுவாகும்.

இம்முறையை ஆதரிப்போரின் வாதத்தையும் கேட்டல் முறையே. மின்சாரத்தை மக்கள் முதலிற் பயன்படுத்திப் பின்னரே பணம் செலுத்துகின்றனர். ஆகவே அதுவும் ஒரு கடனே. கொடாதவரின் சுமை ஒழுங்காகக் கொடுப்போரின் தலையில் விழுகின்றது. எனவே முன்கூட்டியே சோதித்தல் நீதி என்கின்றனர் அவர்கள். மேலும், ஒழுங்காகப் பட்டியல் செலுத்தும் ஏழைக்கு அதுவே நற்சான்றாகி வங்கிக் கதவைத் திறக்கும் என்றும் ஆசை காட்டுகின்றனர்.

முதல் வாதத்துக்கு விடை எளிது. பிணைவைப்பு எதற்காக வாங்கப்படுகின்றது? கொடாமற் போகக்கூடிய தொகைக்கு ஈடாகவே. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வழங்குநருக்கு நியாயமான பிணை கேட்கும் உரிமையை அளித்தது; அவ்வைப்புக்கு வட்டி கொடுக்கும் கடமையையும் விதித்தது. ஈடும் கையில் இருக்கின்றது. துண்டிக்கும் அதிகாரமும் கையில் இருக்கின்றது. இவ்விரண்டும் போதாதென மனிதரின் பழைய வாழ்வையும் துருவிப் பார்க்க வேண்டிய தேவை யாது? அன்றியும், கடன் என்பது வேண்டுமானாற் பெறுவது, வேண்டாவிடின் விடுவது. மின்சாரத்தை அவ்வாறு விட்டுவிட்டு இக்காலத்தில் எவரும் வாழ்தல் இயலாது. ஒரு வங்கி மறுத்தால் மற்றொரு வங்கிக்குச் செல்லலாம். வீதியிற் செல்லும் கம்பியோ ஒன்றுதான்.

இரண்டாவது வாதத்தை மருதமுனையின் வீடொன்றினுள் வைத்துப் பார்த்தல் தகும். கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது நெடுநாள் வழக்கு. தந்தை கட்டிய வீட்டில் மகள் மணமகனை வரவேற்று வாழ்வாள். வீடு மகளுடையது, மின்பட்டியலில் இருக்கும் பெயரோ பெரும்பாலும் தந்தையுடையது. சில வீடுகளில் அவர் மௌத்தாகி ஆண்டுகள் பல கடந்தும் பட்டியல் அவர் பெயரிலேயே வருகின்றது. பணம் அனுப்புபவன் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் கணவன். வரிசையில் நின்று பணம் கட்டுபவன் பாடசாலை செல்லும் மகன். இங்கே எவருடைய நாணயம் புள்ளியாகும்? மாதந் தவறாமற் கட்டிய குடும்பத்தின் நற்பெயர் மண்ணுக்குள் இருப்பவருக்குச் சேரும். அக்குடும்பத்தின் பெண் தன் பெயரில் இணைப்புக் கேட்கும் நாளில் அவள் கோவை வெறுமையாக இருக்கும். வாடகைக்குக் குடியிருப்போரின் நிலையும் இதுவே. கட்டுபவர் குடியிருப்பாளர், பெயர் பெறுபவர் வீட்டுக்காரர். பதிவேடு மனிதரை அறிவதில்லை. பெயரை மட்டுமே அறியும்.

இனி, நிலுவை எதனால் விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மருதமுனை தறிகளின் ஊர். சாரனும் சேலையும் நெய்து பெயர் பெற்ற அவ்வூரின் கரையை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. உயிர்களோடு வீடுகளும் தறிகளும் சென்றன. காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் சென்றன. அதன்பின் கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற அரச விதி வந்தது. மீண்டும் குடியமர்வதற்கே ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த மக்கள், தம் இருப்பை நிறுவும் ஒவ்வொரு தாளுக்கும் கந்தோர் கந்தோராக அலைந்தனர். 2022 இல் வேறோர் அலை வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது; நூலும் சாயமும் உடன் ஏறின. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. நெசவாளியின் கூலி அவ்வாறு உயரவில்லை. அந்நாளில் இரண்டு மாத நிலுவை வைத்தவர் எவ்வகையில் நாணயமற்றவர் ஆவார்? கணிப்பொறியோ காரணத்தைக் கேட்பதில்லை. அலை அடித்ததா, விலை அடித்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாணயச் சான்றிதழ் கேட்கும் தகுதி எவருக்கு உண்டு? 2022 மார்ச் இறுதியில் இந்நாடு நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டில் இருண்டு கிடந்தது. எரிபொருட் கப்பல்கள் கரைக்கு அப்பால் நின்றன. பணத்தைக் காட்டாமல் எரிபொருளை இறக்க மறுத்தனர் விற்றவர்கள். அஃதாவது, முழு நாடுமே கடன்தகைமைச் சோதனைக்கு உட்பட்டுத் தோற்றது. தோற்றதன் தண்டனை என்னவென்பதை ஒவ்வொரு வீடும் இருளில் அமர்ந்து கற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதியைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அதன்பின் நடந்தது என்ன? பேச்சுவார்த்தை நடந்தது, அவகாசம் கிடைத்தது, சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இணங்கியது, கடன்காரர் தமக்கு வரவேண்டியதிற் குறைத்துக்கொள்ளவும் உடன்பட்டனர். அரசுக்கு அவகாசம் உண்டு, கழிவு உண்டு, மறுசீரமைப்பு உண்டு. அதே அரசின் நிழலில் வாழும் தறிக்காரனுக்கு மட்டும் சிவப்புக் கடிதமும் அழியாப் பதிவுமா? அரச நிறுவனங்களும் பிரமுகர் இல்லங்களும் மின்சாரத்துக்கும் நீருக்கும் வைத்த நிலுவைகள் நாளேடுகளிற் பலமுறை வெளிவந்துள்ளன. அவர்களின் கோவையைப் புரட்டிப் பார்த்து விளக்கை அணைத்தவர் எவர்?

கடனை எழுதிவைத்தல் மருதமுனைக்குப் புதிதன்று. மூலைக்கடைக்காரர் கொப்பியில் எழுதியே அரிசி கொடுக்கின்றார். முதலாளி எழுதியே நூல் கொடுக்கின்றார். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். ஆனால், அதே அத்தியாயம் நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும் பணிக்கின்றது. ஸக்காத் பெறத் தகுந்த எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவன். எழுதுவது தகராறு நேராதிருக்க. மனிதனைத் தள்ளிவைக்க அன்று. கடைக்காரரின் கொப்பிக்கும் நிறுவனத்தின் கோவைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கடைக்காரருக்குத் தறி ஏன் நின்றது என்று தெரியும். கடன் தீர்ந்ததும் அவர் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். கோவையோ, தீர்ந்த கடனையும் மறப்பதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. வீட்டு மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் கடன் அறிக்கை கேட்கலாகாது என்பது விதியாக எழுதப்படல் வேண்டும். பிணைவைப்பு அளவானதாகவும், வறியோர் தவணையிற் செலுத்தக்கூடியதாகவும், வட்டியோடு மீள்வதாகவும் இருத்தல் வேண்டும். முன்னிருந்தவரின் நிலுவை புதிதாக வந்தவரின் தலையில் ஏற்றப்படலாகாது. துண்டிப்பதற்கு முன் தவணைக்கு இடமளித்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய நாட்டில், ஒருவரது பட்டியற் பதிவு அவருடைய சம்மதமின்றி மற்றொருவர் கைக்குச் செல்லலும் ஆகாது.

கட்டணத் திருத்தங்களின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கோருகின்றது. அங்கே சென்று பேசுவோர் பெரும்பாலும் கைத்தொழில் அதிபரும் கணக்காளருமே. பல்கலைக்கழகத்திற் பொருளியலும் சட்டமும் சமூகவியலும் பயிலும் மாணவர், தத்தம் ஊரின் பட்டியல்களையும் துண்டிப்புக் கடிதங்களையும் திரட்டிக்கொண்டு அவ்வாசலுக்குச் செல்லல் வேண்டும். அவர்களிற் பலர் மாலையிற் படிப்பதும் அத்தகைய ஒரு பட்டியலின் வெளிச்சத்திலேயாகும். அந்த வெளிச்சத்துக்குரிய விலையைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. வீட்டாரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.