மண்வள அட்டையில் காட்மியத்துக்கு இடமில்லை

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் சோதிக்கப்படுகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கூடவே கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து. காட்மியம், ஈயம், குரோமியம் எதுவும் பட்டியலில் இல்லை.

சத்து வேறு, நஞ்சு வேறு என்று அலுவலகக் கோப்பு பிரித்து வைக்கலாம். காய்கறிச் செடியின் வேருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. இரும்பையும் துத்தநாகத்தையும் உறிஞ்சுவதற்காக வேர்ச் செல்களின் சவ்வில் உள்ள புரதங்கள், அவற்றைப் போலவே மின்னூட்டம் கொண்ட காட்மியத்தையும் உள்ளே விட்டுவிடுகின்றன. ஆர்சனிக் மணிச்சத்தின் வழியிலும், தோல் பதனிடும் வட்டாரங்களை அச்சுறுத்தும் ஆறு இணைதிறன் குரோமியம் கந்தகச் சத்தின் வழியிலும் நுழைகின்றன. நுழைந்த நஞ்சு வேரின் வளர்ச்சியைக் குறுக்கி, நீரும் சத்தும் மேலேறுவதையே கெடுக்கிறது. இன்னொரு கொடுமையும் உண்டு: இரும்புச் சத்து போதாத தக்காளி போன்ற செடிகள் அந்தப் புரதங்களை அதிகமாக உண்டாக்கும்; காட்மியமும் அதற்கேற்பக் கூடுதலாக ஏறும்.

ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் இலைவரை போய்விடும். ஆகவே தக்காளி, பீன்ஸைவிடக் கீரையில்தான் ஆபத்து அதிகம். இலைமேல் படிந்த புழுதியை அலசிக் கழுவலாம், உள்ளே சேர்ந்த காட்மியத்தை என்ன செய்வது?

கீரையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. விளைந்த கீரைக்கு வரம்பு வைத்துவிட்டு, விளையும் மண்ணை விசாரிக்காமல் விடுவது அரைகுறை வேலை.

மண்ணைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டால் காட்மியம் எளிதில் கரையாது. மக்கிய தொழு உரமும் அதைப் பிடித்து வைக்கும். ஆனால் அதே சுண்ணாம்பு ஆர்சனிக்கைக் கிளப்பிவிடக்கூடும். எந்த உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

செலவு அதிகம் என்பார்கள். எல்லா வயலையும் சோதிக்கச் சொல்லவில்லை. தோல் ஆலைக் கழிவுக்காக 1996இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்த பாலாற்றுப் படுகையிலும், சாக்கடை நீர் பாயும் நகரோரக் கீரைத் தோட்டங்களிலும் வேளாண் துறை தொடங்கட்டும். ஆய்வகங்களில் துத்தநாகத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவி, உரிய விளக்கைப் பொருத்தினால் காட்மியத்தையும் ஈயத்தையும் அளக்கும்.