குறைக்குப் பத்து வார்த்தை, நிறைக்கு ஒன்று கூடவா இல்லை?

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று சொல்லும் ஆங்கில வார்த்தைகளை எழுதி, அவை எங்கிருந்து வந்தன என்று அகராதியில் பார்த்து வர வேண்டுமாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நானும் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

'டேஸ்ட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. தொட்டுப் பார்ப்பது என்றுதான் அதற்கு முதலில் அர்த்தமாம். 'டேஸ்டி' என்றால் சும்மா ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான். 'டெலிஷியஸ்' அதற்கு ஒரு படி மேலே. ஆசை காட்டி இழுப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'யம்மி' சப்புக்கொட்டும் சத்தத்திலிருந்து வந்த குழந்தைப் பேச்சு. 'சேவரி'யின் மூலச் சொல்லுக்குச் சுவை என்று பொருள். ஆனால் இப்போது முறுக்கு, மிக்சர் மாதிரி இனிப்பில்லாத பலகாரத்துக்கு அதுதான் பேர். நம்ம மிளகுத்தண்ணியைக்கூட வெள்ளைக்காரர்கள் 'முல்லிகட்டானி' என்று சூப்பாக்கிக் கொண்டார்களாம்!

அன்று ராத்திரி சூடை மீன் குழம்பு. "எங்கம்மா குழம்புக்கு இதுல எந்த வார்த்தை பொருந்தும்?" என்று மகள் எல்லோரையும் கேட்டாள். மகன் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் "சூப்பர்" என்றான். என் வீட்டுக்காரரோ, "நல்லாத்தான் இருக்கு. உப்புதான் ஒரு கல்லு கூட" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள் தோழிகளே! உப்புக் கரிக்குது, சப்புன்னு இருக்கு, புளிப்பு தூக்கல், உறைப்பு பத்தலை, அடிப்பிடிச்ச வாசம், வேகவே இல்லை... குறை சொல்ல நமக்குத்தான் எத்தனை வார்த்தைகள்! நன்றாக இருந்தால் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை? தட்டு காலியானால் அதுவே பாராட்டு என்று நாமே நினைத்துக் கொள்ள வேண்டியதுதானா?

சமைப்பது வீட்டு வேலைதானே, அதற்கென்ன பாராட்டு என்று சிலர் கேட்கலாம். குறை சொல்லும்போது மட்டும் அது வேலையாகத் தெரிகிறதே! அடுப்படி வெக்கையில் தினம் மூன்று வேளை நிற்பவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை பேசாமல் இருந்த என் மாமியார் மெதுவாகச் சொன்னார்: "என் மாமியா எனக்கு ஒருநாளும் சொன்னதில்ல. நானும் உனக்குச் சொல்லல. ஆனா இந்தக் கைமணம் எனக்கு வராதுடி."

பதினாறு வருஷத்தில் முதல் தடவை! டெலிஷியஸ், யம்மி எல்லாம் அந்த 'கைமண'த்துக்கு ஈடாகுமா? சமையலை மட்டுமா, சமைத்த கையையும் அல்லவா சேர்த்துப் பாராட்டுகிறது!

பிள்ளைகள் ஆங்கில வார்த்தைகளைத் தாராளமாகப் படிக்கட்டும். கூடவே, சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சமைத்தவரிடம் மனசாரப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவும் பழக்குவோம். முக்கியமாக, ஆண் பிள்ளைகளுக்கு!

- ஒரு வாசகி, மீமிசல்.