நாய்க்குட்டியும் நம் கடமையும்

உயிரற்ற பொருளை வாங்குவதும் உயிருள்ள ஒன்றை வீட்டிற்கு அழைத்து வருவதும் ஒன்றாகா. நாற்காலி வேண்டாவிடின் அதனை மூலையில் ஒதுக்கி வைக்கலாம். நாய்க்குட்டியை அவ்வாறு ஒதுக்கி வைத்தல் இயலாது. அதற்குப் பசிக்கும், நோகும், தனிமையில் அஞ்சும், பழகியவரைப் பிரிந்தால் வாடும். ஆதலின், குட்டியொன்றை விரும்புவோர், 'இஃது எனக்கு இன்பம் தருமா?' என்று கேட்கும் முன்னர், 'இதற்கு வேண்டுவனவற்றை என்னால் நாள்தோறும் தர இயலுமா?' என்று தம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவ்வுண்மையை லாப்ரடூடில் என்னும் நாயின் வரலாறு நமக்கு நன்கு விளக்கும்.

ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றி அளிக்கும் சங்கம் ஒன்று உண்டு. அதில் நாய்க்குட்டிகளை வளர்க்கும் பொறுப்பினை ஏற்றிருந்தவர் வாலி கான்ரன் என்பவர். ஹவாய்த் தீவில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டும் நாய் வேண்டும் என்று அச்சங்கத்திற்கு எழுதினார். அவருடைய கணவர்க்கோ நாயின் உரோமம் ஒவ்வாது. உரோமம் மிகுதியாக உதிராத பூடில் இனம் பயன்படக்கூடும் என்று கான்ரன் கருதினார். 33 பூடில் நாய்களைச் சோதித்தும், வழிகாட்டும் பணிக்கு ஏற்ற ஒன்று கிடைக்கவில்லை. இறுதியில் லாப்ரடார் நாயையும் பூடில் நாயையும் இணைத்தார். 1989ஆம் ஆண்டில் மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் உரோமமும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. மூன்றனுள் ஒன்று மட்டுமே அக்கணவர்க்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்னும் பெயருடைய அந்நாய் கடல் கடந்து சென்று அப்பெண்மணிக்கு வழிகாட்டியது.

எஞ்சிய இரு குட்டிகளையும் ஏற்பார் முதலில் இல்லை. கலப்பின நாயை எவரும் விரும்பவில்லை. ஆனால், லாப்ரடூடில் என்னும் புதுப்பெயரைக் கான்ரன் பரப்பியதும் நிலைமை தலைகீழாயிற்று. குட்டிகள் மாறவில்லை, பெயரே மாறியது. அப்பெயரைக் கேட்டு மக்கள் திரண்டனர். பின்னர்க் கோல்டன்டூடில் முதலிய வேறு கலப்புகளும் தோன்றின. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இவற்றின் விலை உயர்ந்தது. விலை உயரவே, பெற்றோர் நாய்களின் நலத்தை ஆராயாமல் குட்டிகளைப் பெருக்கி விற்போரும் பெருகினர். இதனைக் கண்ட கான்ரன், இந்நாயை உருவாக்கியமைக்காக வருந்துவதாக 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்திற்கு அளித்த பேட்டியில் கூறினார். ஒருவருடைய துன்பத்தைத் தீர்க்கப் பிறந்த நாய், பலருடைய பெருமைக்குரிய பொருளாக மாறியதே அவருடைய வருத்தத்திற்குக் காரணம் எனலாம்.

இந்நாய்கள் எவர்க்கும் ஒவ்வாமை தரமாட்டா என்று விற்போர் கூறுவதுண்டு. அதனை அவ்வாறே நம்புதல் தகாது. ஒவ்வாமையை விளைவிப்பது உரோமம் மட்டும் அன்று. நாயின் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் நுண்துகள்களிலும் உள்ள புரதமே அதற்கு முதற்காரணம். ஒவ்வாமை தராதவை என்று பெயர் பெற்ற நாய்களின் உரோமத்தில் அப்புரதம் மற்ற நாய்களின் உரோமத்தினும் குறைவாக இல்லை என்பதை நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆதலின் வீட்டில் ஒவ்வாமை உடையவர் இருப்பின், குட்டியை வாங்கும் முன்னர் அவர் அத்தகைய நாயுடன் பலமுறை பழகிப் பார்த்தல் வேண்டும். வாங்கிய பின் ஒவ்வாமை கண்டு நாயைத் துரத்துவது நாய்க்கு இழைக்கும் அநீதியாகும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே நம் கடமை தொடங்கிவிடுகின்றது. குட்டியை அதன் தாயுடன் காணுதல் வேண்டும். தாய் மெலிந்தோ அஞ்சியோ இருப்பின், அவ்விடத்தை விட்டு நீங்குதல் நன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயினின்றும் பிரித்தல் கூடாது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு திங்கள் நிறையாத நாய்க்குட்டிகளை இடைத்தரகர் வணிகமாக விற்பதைத் தடுத்தது. ஆயினும் சட்டத்தால் மட்டும் கொடுமை ஒழியாது. மறைவான இடங்களில் வளர்த்த குட்டிகளை வாங்குவார் இல்லையெனில் விற்பாரும் இல்லாது ஒழிவர்.

புதிய வீட்டிற்கு வந்த முதல் இரவில் குட்டி அழும். தாயின் வெம்மையிலும் உடன்பிறந்தவற்றின் நெருக்கத்திலும் உறங்கிய அதற்கு அன்றுதான் தனிமை அறிமுகமாகின்றது. அதன் படுக்கையை நம் அருகில் அமைத்தால் அது விரைவில் அமைதியுறும். உறங்கி எழுந்த பின்னரும், உண்ட பின்னரும், விளையாடிய பின்னரும் அதனை வெளியே அழைத்துச் செல்லுதல் வேண்டும். தவறி வீட்டினுள் நனைத்துவிட்டால் அடித்துப் பயனில்லை. அடியால் அது கற்பது தூய்மையை அன்று. நம்மிடம் அஞ்சுவதையே கற்கும். சரியான இடத்தில் கழித்தவுடன் பாராட்டினால் அது விரைவில் கற்றுக்கொள்ளும்.

நோய்களினின்றும் காத்தலும் நம் கடமையே. பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் இரு நோய்களும் இளங்குட்டிகளைக் கொல்ல வல்லவை. இவற்றிற்குத் தடுப்பூசி ஒருமுறை போடுவது போதாது. குட்டிக்கு ஏறத்தாழப் பதினாறு வாரம் ஆகும் வரை, கால்நடை மருத்துவர் குறித்த இடைவெளிகளில் போடுதல் வேண்டும். வெறிநோய் உள்ள நாடுகளில் அதற்கும் ஊசி இன்றியமையாதது. ஆனால் அதுவரை குட்டியை அறையிலேயே அடைத்து வைத்தலும் தவறு. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள பருவமே நாயின் குணம் உருவாகும் பருவம் என்பதை ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினர். இப்பருவத்தில் மனிதரையும் ஒலிகளையும் வண்டிகளையும் அறியாத குட்டி, வளர்ந்தபின் எதனைக் கண்டும் அஞ்சும். ஊசிகள் முடியும் வரை அதனைக் கையில் ஏந்திச் சென்று உலகைக் காட்டலாம்.

இனி, பலரும் விரும்பும் அந்தச் சுருள் உரோமத்தைக் காண்போம். பூடிலின் உரோமம் இடைவிடாது வளர்வது. உதிர்ந்த உரோமமும் தரையில் விழாது சுருளிலேயே சிக்கிக்கொள்ளும். வீட்டுத்தரை தூய்மையாக இருப்பது உண்மையே. ஆனால் தரையைப் பெருக்கும் வேலை, நாயைச் சீவும் வேலையாக மாறுகின்றது. மேலே மட்டும் சீவினால் அடியில் சடை கட்டும். சடை தோலை இழுத்து வலியைத் தரும். ஈரத்தைத் தேக்கிப் புண்ணை விளைவிக்கும். ஆதலின் சீப்புத் தோல் வரை சென்று சீவுதல் வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை உரோமத்தைக் கத்தரித்தலும் வேண்டும். தொங்கும் காதுகளில் ஈரம் தங்காமல் பார்த்தல் வேண்டும். சீப்புக்கும் கத்தரிக்கும் குட்டியை இளமையிலேயே பழக்காவிடின், பின்னர் அவற்றைக் கண்டு அது நடுங்கும்.

உணவிலும் விழிப்பு வேண்டும். நமக்கு இனியதெல்லாம் நாய்க்கு நலம் தருவதன்று. சாக்லெட், திராட்சை, வெங்காயம் ஆகியன அதற்கு நஞ்சு போன்றவை. குழந்தைகள் அன்பினால் தம் தின்பண்டத்தை ஊட்டிவிடுவர். அவர்களுக்கு இதனை முன்னரே உணர்த்துதல் பெரியோர் கடமை. உடற்பயிற்சியும் வேண்டும். பூடில், நீரில் வீழ்ந்த வாத்துகளை எடுத்துவரப் பழக்கப்பட்ட நாய். லாப்ரடாரோ, நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்கு உதவிய நாய்களின் வழிவந்தது. உழைத்த இரு குலங்களின் வழிவந்த குட்டி, வேலையும் விளையாட்டும் இன்றி வீட்டில் முடங்கிக் கிடந்தால், பாதணியையும் படுக்கையையும் கடித்துக் கிழிப்பதில் வியப்பு உண்டோ?

இக்கலப்பின நாய்களையே ஒழித்துவிட வேண்டும் என்பார் சிலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பெரும்பாலான நோய்களைப் பொறுத்தவரையில், இவற்றிற்கும் இவற்றின் மூல இனங்களுக்கும் வேற்றுமை இல்லை. கலப்பினம் என்பதால் இவை தாழ்ந்தவையும் அல்ல. விலை மிகுந்தவை என்பதால் உயர்ந்தவையும் அல்ல. குற்றம் நாயினிடத்தில் இல்லை. பெயரை மட்டும் விரும்பிப் பொறுப்பை வெறுக்கும் மனிதரிடத்திலேயே உள்ளது.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பது பழமொழி. நாயின் வாழ்நாளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேற்படலாம். குட்டியின் மழலைத் தோற்றம் ஓராண்டிற்குள் மறைந்துவிடும். சீப்பும் மருந்தும் நடைப்பயிற்சியும் இறுதி வரை தொடரும். அத்தனை ஆண்டுகளுக்கும் நேரமும் பொருளும் பொறுமையும் ஒதுக்க வல்லவர் குட்டியை மகிழ்வோடு அழைத்து வருக. அவை இல்லாதார், இப்போது வேண்டா என்று தம் ஆசையை அடக்கிக்கொள்ளுதலும் அன்பின் ஒரு வகையே. மாணவர்களே! நம்மை நம்பி வாழும் உயிருக்கு நாம் எத்தகைய பெயர் சூட்டினோம் என்பது பெரிதன்று; அதற்கு எத்தகைய வாழ்வு அளித்தோம் என்பதே பெரிது.