விஞ்ஞானியின் கூலி

அரசாங்கச் சம்பளத்தில் இருக்கும் விஞ்ஞானிகள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்வது ஞானத்துக்கு நேர்ந்த இழிவு என்ற கருத்து நம் வட்டத்தில் அடிக்கடி கேட்கிறது. நம் நண்பர் ஒருவர் அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். சிருஷ்டிகரமான மனம் கூலியைக் கணக்குப் பார்க்காது, கணக்குப் பார்க்க ஆரம்பித்த நாளிலேயே அது குமாஸ்தா மனமாகிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எழுத்தாளனுக்கும் இது பொருந்தும் என்று கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கிறார். நான் குமாஸ்தா. எனவே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்யதை உண்டு.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நண்பர் எடுத்துக்கொண்ட உதாரணம் கலிபோர்னியா. அந்த மாநில அரசில் சுமார் 4,000 விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள். குடிநீரில் என்ன கலந்திருக்கிறது, காற்றில் என்ன மிதக்கிறது, எந்த நிலம் பூகம்பத்தில் நழுவும், எந்த உணவு விஷமானது என்று பார்த்துச் சொல்வது இவர்கள் தொழில். நோபல் பரிசுக்கான வேலை இல்லை. ஒரு நாள் நின்றால் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் நின்றால் ஊர் நோயில் படுக்கும். இவர்களுடைய சம்பள ஒப்பந்தம் 2020-ல் காலாவதியானது. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தது. 2023 தொடக்கத்தில் சங்கத் தலைமை கொண்டுவந்த ஓர் உடன்பாட்டை உறுப்பினர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 15 முதல் 17 வரை மூன்று நாள் வேலைநிறுத்தம். அம்மாநில சிவில் ஊழியர் சங்கம் ஒன்று வேலைநிறுத்தத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை என்று செய்திகள் சொல்லின.

கேட்டது என்ன? அதே அரசில், பல சமயம் அதே கட்டிடத்தில், ஒத்த பொறுப்பில் இருக்கும் எஞ்சினியர்களின் சம்பளத்துக்குச் சமமான சம்பளம். வித்தியாசம் பல பதவிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் என்பது சங்கத்தின் கணக்கு. ஞானத்தைக் கூலியால் அளக்க ஆரம்பித்தது விஞ்ஞானி அல்ல என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். அளவுகோல் சர்க்காருடையது. பாலம் கட்டுகிறவனுக்கு இவ்வளவு, பாலத்தின் கீழ் ஓடும் தண்ணீரைச் சோதிக்கிறவளுக்கு அதைவிடக் குறைவு என்று அது ஏற்கனவே அளந்து வைத்திருந்தது. அளவு தப்பு என்று சொன்னவர்களைப் பார்த்து, அளப்பதே பாவம் என்று உபதேசிப்பதில் லாபம் யாருக்கு?

தியாகம் என்ற சொல்லை யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம். கொடுப்பவன் சொன்னால் அது தியாகம். பெற்றுக்கொள்கிறவன் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

‘சங்கம்’ என்ற சொல்லின் தீட்டுப் படாமல் காரியம் நடக்குமா என்ற பரிசோதனையும் ஏற்கனவே நடந்து முடிந்ததுதான். பிரிட்டனில் 1918-ல் விஞ்ஞானத் தொழிலாளர்களின் தேசியத் தொழிற்சங்கம் தோன்றியது. பேராசிரியர்களும் கௌரவஸ்தர்களும் தொழிற்சங்கம் என்ற பெயரைக் கண்டு கூசினார்கள். அவர்களை வரவழைப்பதற்காக 1927-ல் தொழிற்சங்கப் பதிவைக் கைவிட்டு, வெறும் ‘விஞ்ஞானத் தொழிலாளர் அமைப்பு’ ஆனார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1940-ல் மறுபடி தொழிற்சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, 1942-ல் மற்றத் தொழிலாளர்களோடு தொழிற்சங்கக் காங்கிரஸில் சேர்ந்தார்கள். இதில் இருந்தவர்கள் யார்? ஸ்படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த பெர்னால். 1943 முதல் 1946 வரை தலைவராக இருந்த பிளாக்கெட். 1948-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். சங்க உறுப்பினர் அட்டை இவர்கள் மூளையைக் குமாஸ்தா மூளையாக்கிவிட்டதாகத் தெரியவில்லை. இங்கே 1947-ல் விஞ்ஞானத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவர் ஜவஹர்லால் நேரு. விஞ்ஞானிக்கு அடுத்துத் தொழிலாளி என்ற சொல் வருவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. அது நமக்குத்தான் வந்திருக்கிறது.

சங்கம் காசைத் தவிர வேறெதையும் கேட்காது என்பது நண்பரின் அடுத்த குற்றச்சாட்டு. இதற்குக் கனடாவைப் பார்க்கச் சொல்வேன். ஹார்ப்பர் ஆட்சியில் அரசு விஞ்ஞானி தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பத்திரிகைக்காரனிடம் பேச மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. 2012 ஜூலையில் ஒட்டாவா பார்லிமென்ட் முன்னால் விஞ்ஞானிகள் ‘சாட்சியத்தின் மரணம்’ என்று ஒரு சவ ஊர்வலமே நடத்தினார்கள். மறு வருஷம் அவர்களுடைய சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், தங்கள் வேலையைப் பற்றிச் சுதந்திரமாகப் பேச முடியவில்லை என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னார்கள். 2015-ல் ஆட்சி மாறி, புதியவர்கள் வாய்ப்பூட்டைக் கழற்றினார்கள். சங்கம் அதோடு திருப்தி அடையவில்லை. ஒரு மந்திரி கழற்றியதை இன்னொரு மந்திரி மாட்டலாம். 2016 டிசம்பரில், பேசும் உரிமையைச் சம்பள ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக எழுதி வாங்கினார்கள். கருத்துச் சுதந்திரம் பற்றி நாம் எத்தனை இதழ்களில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்! அதை ஒரு ஷரத்தாக்கி எதிராளியிடம் கையெழுத்து வாங்கியது, பஞ்சப்படிக்கும் லீவுக்கும் பேரம் பேசிப் பழகிய ஒரு ஸ்தாபனம்.

நண்பரின் வாதங்களில் பலமானது ஒன்று உண்டு. அதை ஒதுக்க நான் தயாரில்லை. சங்கம் திறமைசாலியையும் சோம்பேறியையும் ஒரே தட்டில் வைக்கிறது என்கிறார். வைக்கிறது. என் ஆபீஸிலும் வைத்திருக்கிறது. சர்வீஸ் வருஷத்தை எண்ணத் தெரிந்த அளவுக்குச் சங்கத்துக்குத் தரத்தை எண்ணத் தெரியாது. ஆனால் தரத்தை நிர்ணயிப்பது அதன் வேலையா? கூலி வேறு, விமர்சனம் வேறு. ஒரு விஞ்ஞானியின் முடிவு சரியா தப்பா என்பதை இன்னொரு விஞ்ஞானி சொல்லட்டும், எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும். அவள் வீட்டு வாடகை அந்தத் தீர்ப்பில் தொங்க வேண்டியதில்லை. உண்மையில், வாடகை நிச்சயமாக இருந்தால்தான் அதிகாரிக்குப் பிடிக்காத முடிவை எழுதும் துணிவு சாதாரண மனிதனுக்கு வரும். அசாதாரண மனிதர்களை மட்டும் நம்பி ஒரு ஊர் குடிநீர் குடிக்க முடியாது.

இனி நம் விஷயம். நம் வட்டத்தில் பாங்க், தபால், டெலிபோன், இன்ஷூரன்ஸ் ஆசாமிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எத்தனை பேர்? பாங்க் குமாஸ்தா மாலையில் வீட்டுக்குப் போய்க் கவிதை விமர்சனம் எழுதலாம் என்பது இயற்கை நியதி அல்ல. 1953 சாஸ்திரி தீர்ப்பு, 1962 தேசாய் தீர்ப்பு, 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று எனக்கு முன்னால் யார் யாரோ கோஷம் போட்டு, சம்பளம் இழந்து, வாங்கி வைத்த நேரம் அது. 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது ஒப்பந்தத்தின் பாக்கித் தொகையை நானும் வாங்கினேன். நண்பரும் வாங்கினார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அச்சகத்துக்கு வந்தது. கூலியைக் கணக்குப் பார்க்கும் மனம் இழிந்தது என்ற கட்டுரையை அச்சடித்துக் கொடுத்தது ஒரு கூலி உயர்வு.

இதில் நண்பரை மடக்குவதல்ல என் நோக்கம். நாம் யாருக்கும் சன்மானம் தருவதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இனாமாக எழுதுவதற்கு முன்னால் எங்கேயாவது சம்பளம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் நிலம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் நம் பக்கங்களில் எழுதுவதில்லை. அவனுக்கு எழுத வராது என்று நாம் தீர்மானித்துவிட்டோம். அவனுக்கு மாலைப்பொழுது இருந்ததா என்று விசாரித்ததில்லை. சங்கமில்லாத வேலையில், நேரக் கணக்கில்லாத கடையில் இருக்கும் அவனிடம் போய்ச் சிருஷ்டி மனம் கூலி பார்க்காது என்று சொல்வதற்கு முன், நம் பெயர்ப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். அது இலக்கியத் தரத்தின் பட்டியலா, சம்பளப் பட்டியலா?