கற்றுக்கொடுக்க ஆள் உண்டு!

காசிமேட்டில் படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறைக்கு ஒரு பையன் வேலை பழகப் போகிறான். முதல் நாளே என்ஜினில் கை வைக்க விடமாட்டார்கள். அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். உதிரிப் பாகங்களைத் துடைத்து வைப்பான். மேஸ்திரி செய்வதைக் கவனிப்பான். ஒரு நாள், "நீயே மாட்டுடா, பார்க்கலாம்!" என்பார் மேஸ்திரி. அன்று முதல் அவனும் தொழிலாளி.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித் தொழில் பழகித்தான் முன்னுக்கு வந்தன.

கம்ப்யூட்டர் தொழிலுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. கட்டணம் இல்லை. சிபாரிசு வேண்டாம். ஆனால், பல மாணவர்களுக்கு இது தெரியவில்லை!

பூட்டு இல்லாத பட்டறை

கம்ப்யூட்டரை வேலை வாங்கும் கட்டளைகளுக்கு "நிரல்" என்று பெயர். சில கம்பெனிகள் நிரலைப் பூட்டி வைக்கின்றன. வேறு சிலர் அதை எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்கள். யாரும் படிக்கலாம். திருத்தலாம். பிறருக்கும் கொடுக்கலாம். இதுதான் "திறந்த மூல" மென்பொருள்.

1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் "லினக்ஸ்" நிரலை எழுதி வெளியிட்டார். உலகமெங்கும் இருந்து பலர் அதைத் திருத்தி வளர்த்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்கு அதுவே அஸ்திவாரம்!

சென்னையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. "பாஸ்" என்ற லினக்ஸ் சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது.

குருவும் உண்டு, பணமும் உண்டு

2005-ல் கூகுள் நிறுவனம் "சம்மர் ஆப் கோட்" திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டில் சுமார் 400 மாணவர்கள் சேர்ந்தார்கள். திறந்த மூல அமைப்புகளில் அனுபவம் உள்ள ஒருவர் மாணவருக்கு வழிகாட்டியாக இருப்பார். வீட்டில் இருந்தே வேலை செய்யலாம். வேலை தேறினால் உதவித் தொகை கிடைக்கும். 2022 முதல், கல்லூரியில் படிக்காத புதியவர்களும் சேரலாம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும்.

2006-ல் "நோம்" என்ற அமைப்புக்கு இந்தத் திட்டத்தின் கீழ் 181 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் ஒரு பெண் கூட இல்லை! உடனே அந்த அமைப்பு பெண்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அதுவே வளர்ந்து "அவுட்ரீச்சி" ஆனது.

ஆகவே, ராத்திரியில் மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், பெற்றோர் உடனே கோபிக்க வேண்டாம். என்ன வேலை என்று கேட்கட்டும்!

எங்கே தொடங்குவது?

மனுப் போடும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் பிழை கண்டால், என்ன செய்தோம், என்ன நடந்தது என்று தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். விளக்கக் குறிப்பில் தவறு இருந்தால் திருத்தலாம். தமிழில் மொழிபெயர்க்கலாம். பிறகு, புதியவர்களுக்கென்று குறித்து வைத்த சிறிய பிழைகளில் ஒன்றைச் சரி செய்யலாம். அந்த அமைப்பில் உள்ளவர்கள் குறை சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. அந்தக் குறைதான் பாடம்!

ஆங்கிலம் தடுமாறுகிறதா? 2012-ல் தொடங்கிய "கணியம்" தமிழிலேயே இந்தப் பாடங்களைச் சொல்லித் தருகிறது.

சட்டைக்காக வேண்டாம்

2020 அக்டோபரில் ஒரு வெட்கக்கேடு நடந்தது. நான்கு திருத்தங்கள் அனுப்பினால் பனியன் சட்டை இலவசம் என்று ஒரு விழாவில் அறிவித்திருந்தார்கள். பலர் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து அனுப்பினார்கள். நிரலைப் பராமரிப்பவர்கள் குப்பை அள்ளியே களைத்துப் போனார்கள்! மாதத்தின் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

வேலை கற்கப் போகிறவன் பட்டறையில் குப்பை கொட்டலாமா?

இன்னோர் எச்சரிக்கை: இந்தத் திட்டங்களில் சேரக் கட்டணம் கிடையாது. "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் நம்பக் கூடாது.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

வடசென்னையில் பல வீடுகளில் ஒரே அறை. அதில் ஐந்து பேர். அங்கே உட்கார்ந்து நிரல் எழுதுவது கஷ்டம். கல்லூரிகளில் கம்ப்யூட்டர் அறையோ மாலையில் பூட்டிக் கிடக்கிறது!

அதை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரை திறந்து வைக்கலாம். மூத்த மாணவர் ஒருவர், இளையவர் நான்கு பேருக்கு வழி காட்டலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு சாவியும், திறக்க ஒரு மனமும் போதும்.